சர்க்கரை நோயாளிகள் எதற்காக அட்மிட் ஆகிறார்கள்? முப்பது ஆண்டுக் கணக்கு

“சுகர் ஏறி அட்மிட் பண்ணியிருக்காங்க” என்று யாராவது போனில் சொன்னால் மேற்கொண்டு நாம் அதிகம் கேட்பதில்லை. எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எப்போது பார்க்க விடுவார்கள் என்பதோடு சரி. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து நிலைமைகள் இருக்கலாம். ஒருவருக்கு இன்சுலின் நின்றுபோய் ரத்தமே அமிலமாகியிருக்கும். இன்னொருவருக்கு மாரடைப்பு. மூன்றாமவருக்குக் கால் கட்டைவிரலில் ஆறாத புண். நான்காமவர் சிறுநீர்த் தொற்றுக்காகவோ பித்தப்பைக் கல்லுக்காகவோ வந்திருப்பார். சர்க்கரை நோய் அவருடைய கேஸ் ஷீட்டில் இரண்டாவது வரியில் இருக்கும்.

இந்த நாலு பேரில் யார் கூடுகிறார்கள், யார் குறைகிறார்கள் என்று பல ஆண்டுகளாக விடாமல் எண்ணி வருகிற நாடுகள் சில உண்டு. அவற்றில் அமெரிக்காவின் கணக்கு நீளமானது. படிக்கப் படிக்க மனதைத் தொந்தரவு செய்கிற கணக்கும் அதுதான். இருபது ஆண்டுகள் எல்லாம் நல்லபடியாக இறங்கிக்கொண்டே வந்தன. 2010ஐ ஒட்டிச் சில திரும்பி ஏறத் தொடங்கின. ஏறியதும் தாத்தா பாட்டிகளிடம் அதிகம் இல்லை. வேலைக்குப் போகிற வயதினரிடம்.

இறங்கிய இருபது ஆண்டுகள்

2014 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியில் இருந்த எட்வர்ட் கிரெக்கும் அவருடைய குழுவினரும் 1990 முதல் 2010 வரை சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு வந்த ஐந்து பெரிய பாதிப்புகளை எண்ணியிருந்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் மாரடைப்பு 68 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை மிக அதிகமாகி நேர்கிற மரணம் 64 சதவீதம், பக்கவாதம் 53 சதவீதம், கால் அல்லது விரல் நீக்கம் 51 சதவீதம் குறைந்திருந்தன. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து டயாலிசிஸ் வரை போவது மட்டும் மெதுவாக, 28 சதவீதமே, குறைந்திருந்தது.

மாரடைப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். 1990ல் சர்க்கரை நோய் உள்ள 10,000 பேரில் ஆண்டுக்கு 141 பேருக்கு மாரடைப்பு வந்தது. 2010ல் அது 45 பேர்தான். மருத்துவ உலகில் இவ்வளவு பெரிய இறக்கம் அடிக்கடி நடப்பதில்லை.

இது தானாக நடந்துவிடவில்லை. 1993ல் வெளியான டிசிசிடி ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு மூன்றும் காப்பாற்றப்படும் என்பதை உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகிற முதல் வகை நோயாளிகளிடம் நிரூபித்தது. 1998ல் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு, பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகைக்கும் அதைக் காட்டியது. ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் கிடைக்கிற பலன் எவ்வளவு பெரிது என்பதையும் சேர்த்துக் காட்டியது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் உயிரைக் காக்கின்றன என்று 1994ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு சொன்னது. மக்கள் புகைபிடிப்பது குறைந்துகொண்டே வந்தது. ஆக, சர்க்கரை அளவோடு மட்டும் மல்லுக்கட்டிய மருத்துவம் பிரஷர், கொழுப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஆரம்பித்ததன் பலன் இது. என்னைக் கேட்டால் இதில் பெரும்பங்கு பிரஷர் மாத்திரைக்கும் ஸ்டேட்டினுக்கும் போகவேண்டும். மாரடைப்பும் பக்கவாதமும் இவ்வளவு இறங்கியதற்கு வேறு எதையும் அவ்வளவு உறுதியாகக் காட்ட முடியாது.

கால் விஷயத்தில் வென்றது இன்னும் எளிய பொருள். பேனா போன்ற ஒரு கைப்பிடி. அதன் நுனியில் மீன் தூண்டிலில் இருப்பதைப் போல ஒரு நைலான் இழை. 10 கிராம் எடை அழுத்தம் வந்தால் வளையும்படி செய்திருப்பார்கள். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் கட்டைவிரலின் அடியிலும் முன்பாதத்தின் மேட்டிலும் அந்த இழை லேசாக வளையும் வரை அழுத்துவார்கள். “படுதா?” என்று கேட்பார்கள். நரம்பு நன்றாக இருக்கிறவர் உடனே “ஆமா” என்பார். மரத்துப்போனவர் பேசாமல் காத்திருப்பார், இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டு. மொத்தமே இரண்டு நிமிட வேலை.

அந்தப் பேசாமை ஏன் ஆபத்து என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்காமலே புரியும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குக் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வருவார்கள். பக்கத்தில் வந்தவர்கள் துள்ளித் துள்ளி நடந்திருப்பார்கள். இவர் மட்டும் நிதானமாக நடந்திருப்பார். மறுநாள் காலை தரையில் ஈரம் பட்டிருப்பதைப் பார்த்துத்தான் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருப்பதே தெரியவரும். வலி இல்லாததால் அடுத்த நாலு நாளும் அதே காலில் நடப்பார். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது; கிருமி எலும்புக்குப் போகும்; அப்புறம் விரலை எடுக்கவேண்டும் என்பார்கள். அந்த முதல் கொப்புளத்தை அன்றே யாராவது பார்த்திருந்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். 1989ல் இத்தாலியின் செயிண்ட் வின்சென்ட் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள், சர்க்கரை நோயால் கால் இழப்பதைப் பாதியாகக் குறைப்போம் என்று இலக்கு வைக்கத் துணிந்ததற்கு இதுதான் காரணம். தடுக்கக்கூடியது என்று தெரிந்துவிட்டது.

வகுக்கும் எண்

இனி அதே ஆய்வில் தலைப்புச் செய்தியாகாத பக்கத்துக்கு வருவோம். கால் நீக்கம் 51 சதவீதம் குறைந்தது என்றேன். 1990ல் அமெரிக்காவில் இப்படிக் காலோ விரலோ இழந்த சர்க்கரை நோயாளிகள் சுமார் 50,000 பேர். 2010ல் சுமார் 73,000 பேர்!

இரண்டும் உண்மை. விகிதம் பாதியானது, எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. அந்த இருபது ஆண்டுகளில் சர்க்கரை நோய் உள்ளதாகச் சொன்ன அமெரிக்கப் பெரியவர்கள் 65 லட்சத்திலிருந்து 2 கோடியே 7 லட்சமாகப் பெருகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைந்தது. ஆபத்தில் இருப்பவர்கள் மூன்று மடங்கானார்கள். டயாலிசிஸ் நிலைக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் 18,000 என்பதிலிருந்து 50,000 ஆனார்கள். நோயாளிக்கு முதல் கணக்கு முக்கியம். மருத்துவமனைக்கும் அரசுக்கும் இரண்டாவது கணக்கு. படுக்கை, நர்ஸ், டயாலிசிஸ் இயந்திரம் எல்லாம் தலைக்கணக்கில்தான் வேண்டும், சதவீதத்தில் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 1997ல் அமெரிக்க நீரிழிவு சங்கம், வெறும் வயிற்றில் 140 மில்லிகிராம் இருந்தால்தான் சர்க்கரை நோய் என்றிருந்த எல்லையை 126க்கு இறக்கியது. அதுவரை நோயாளி என்று பெயர் வாங்காத பலர், ஆரம்பநிலையில் இருந்தவர்கள், ஒரே நாளில் பட்டியலுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு உடனே மாரடைப்போ கால் புண்ணோ வரப்போவதில்லை. கீழே இருக்கிற வகுக்கும் எண், அதாவது மொத்த நோயாளிகள், பெருகும்போது மேலே எதுவுமே மாறாவிட்டால்கூட விகிதம் இறங்கும். 68 சதவீத இறக்கம் முழுவதும் இந்த மாயத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவு பெரிய சரிவை அது மட்டும் உண்டாக்காது. ஆனால் ஒரு பங்கு இதனால்தான் என்பதை மறுக்கவும் முடியாது.

இதே காரணம் பின்னால் எதிர்த்திசையிலும் வேலை செய்தது. அமெரிக்காவில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்படுகிறவர்களின் விகிதம் 2009ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. நல்ல செய்திதான். ஆனால் புதியவர்கள் வருவது குறைந்தால் பட்டியலில் மிஞ்சுகிறவர்கள் பத்து, இருபது ஆண்டுகளாக நோயோடு இருப்பவர்கள். அவர்களுக்குத்தான் பாதிப்புகள் வரும். எனவே 2010க்குப் பிந்திய ஏற்றத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

திரும்பிய கோடு

கால் நீக்கத்தைப் பற்றி 2019ல் டயாபடீஸ் கேர் இதழில் சிடிசி ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2000ல் சர்க்கரை நோய் உள்ள 1,000 பேரில் ஆண்டுக்கு 5.4 என்றிருந்த விகிதம் 2009ல் 3.1க்கு வந்திருந்தது. அங்கிருந்து 2015க்குள் 4.6க்கு ஏறிவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் இறங்கியதில் பெரும்பகுதி ஆறு ஆண்டுகளில் போய்விட்டது. ஏற்றம் அதிகம் தெரிந்தது 18 முதல் 44 வயதுக்காரர்களிடமும் 45 முதல் 64 வயதுக்காரர்களிடமும்.

விரல் அல்லது பாதத்தின் ஒரு பகுதியை எடுப்பது 62 சதவீதம் கூடியிருந்தது. கணுக்காலுக்கு மேலே எடுக்கிற பெரிய அறுவை 29 சதவீதம் கூடியிருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒரு விரலைச் சரியான நேரத்தில் எடுப்பது பல சமயம் முழுக்காலைக் காப்பாற்றுகிற முடிவு. அதனால் சின்ன அறுவைகள் கூடியதை மட்டும் வைத்து மருத்துவம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பெரிய அறுவையும் சேர்ந்து கூடியிருப்பதுதான் கவலை. புண் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பதன் அடையாளம் அது.

கீட்டோ அசிடோசிஸ் கதையும் இதேபோலத்தான் போனது. இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழிந்தாலும் செல்லுக்குள் போகாது. உடம்பு பட்டினி கிடக்கிற மாதிரி கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அந்த எரிப்பில் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். வயிறு புரட்டும், வாந்தி நிற்காது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், வாயில் அழுகிய பழத்தின் வாசனை வரும். இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்பு இது அநேகமாக மரண தண்டனை. இன்று டிரிப்ஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் மணிக்கு மணி பார்த்துக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இன்சுலின் கையில் இருக்கிற நாட்டில் இதற்காக ஒருவர் அட்மிட் ஆவதே கூடியவரை தவிர்க்கக்கூடியது.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை இந்த அட்மிஷன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 1,000 பேருக்கு 19.5 ஆனது. 2014ல் 30.2. ஐந்தே ஆண்டுகளில் 55 சதவீத ஏற்றம். அதே காலத்தில் இப்படி அட்மிட் ஆனவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 2000ல் 1.1 சதவீதம் என்பதிலிருந்து 2014ல் 0.4 சதவீதமாகக் குறைந்தார்கள். இதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லலாம். சிகிச்சை மேம்பட்டிருக்கிறது என்பது ஒன்று. லேசான நிலையில் இருப்பவர்களையும் அட்மிட் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் ஏறியதை இவை இரண்டும் விளக்கிவிடாது.

இன்சுலின் விலையைப் பார்க்காமல் இந்த ஏற்றத்தைப் பேசுவது சரியில்லை என்று நான் நினைக்கிறேன். ஹியூமலாக் என்ற இன்சுலின் 1996ல் அங்கே விற்பனைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2017ல் அதே குப்பி 275 டாலர். மருந்து அதேதான், குப்பியும் அதேதான். 2017ல் யேல் பல்கலைக்கழகத்தின் நீரிழிவு மையத்துக்கு வந்த நோயாளிகளைக் கேட்டபோது நாலில் ஒருவர், செலவு தாங்காமல் இன்சுலினைக் குறைத்துப் போட்டதாகச் சொன்னார். நாற்பது யூனிட் போடவேண்டியவர் முப்பது போடுவார். மாதக் கடைசியில் ஒரு வேளையைத் தள்ளிப்போடுவார். இப்படிக் குறைத்துப் போட்டவர்களுக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே அமிலம் ஏறிவிடும்.

வயது ஏன் இங்கே முக்கியம்? அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். 2010ல் வந்த சட்டம் அதற்கு வழிசெய்தது. இடையில் இருக்கிற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளும் பெரும்பாலும் வேலையைப் பொறுத்தது. வேலை கொடுத்தவர் காப்பீடு கொடுத்தால் உண்டு. கொடுத்தாலும் முதல் சில ஆயிரம் டாலரை ஆண்டுதோறும் கையிலிருந்து கட்டவேண்டிய திட்டங்கள் இந்தக் காலத்தில்தான் பெருகின. 2008ல் பொருளாதாரம் சரிந்து லட்சக்கணக்கானவர்கள் வேலையையும் அதோடு காப்பீட்டையும் இழந்தார்கள். கோடு திரும்பியது 2009ஐ ஒட்டி. இதுதான் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிட முடியாது. வகுக்கும் எண்ணின் வயது கூடியது பற்றி முன்பே சொன்னேன். ஆனால் காப்பீடு உறுதியாக இருக்கிற வயதினரிடம் ஏற்றம் குறைவாகவும், இல்லாத வயதினரிடம் அதிகமாகவும் இருப்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2023 ஜனவரி முதல் மெடிகேர் பயனாளிகளுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் எலை லில்லி நிறுவனம் தன் முக்கியமான இன்சுலின்களின் பட்டியல் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஏறிய விலை இறங்க கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

லோ சுகரின் கணக்கு

அதிக சர்க்கரையை மட்டுமே இதுவரை பேசினோம். குறைந்த சர்க்கரையும் மருத்துவமனைக்கு அனுப்பும். 1999 முதல் 2011 வரை மெடிகேர் முதியவர்களின் அட்மிஷன்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அதிக சர்க்கரைக்காக அட்மிட் ஆவது 39 சதவீதம் குறைந்திருந்தது. லோ சுகருக்காக அட்மிட் ஆவது 12 சதவீதம் கூடியிருந்தது. ஒரு கட்டத்தில் முதியவர்கள் லோ சுகருக்காகவே அதிகம் படுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியை எப்படியாவது கீழே கொண்டுவா என்று விரட்டியதன் மறுபக்கம் இது. 2008ல் அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில் எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் மரணம் கூடியதால் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்தினார்கள். அதன்பிறகுதான் வயதானவர்களுக்கு இலக்கைத் தளர்த்துங்கள் என்ற குரல் வலுத்தது.

இங்கே அட்மிஷன் கணக்கு பாதியைத்தான் காட்டும். 2016ல் அமெரிக்காவில் லோ சுகருக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவை 2,35,000 வருகைகள். அட்மிட் ஆனவை 57,000. குளுக்கோஸ் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் நினைவு திரும்பிவிடுகிறது, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலேயே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நள்ளிரவில் வேர்த்துக் கொட்டி உளறுகிற அப்பாவின் வாயில் சர்க்கரையைத் தடவிய அனுபவம் உள்ள வீடுகள் நம்மிடம் எத்தனை!

பெரிய பங்கு வேறெங்கோ

அதே 2016ல் சர்க்கரை நோய் என்ற குறிப்போடு அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவை மொத்தம் 78 லட்சம். இதில் இதயம், ரத்தக்குழாய் சார்ந்தவை 17 லட்சம். கால் நீக்கம் 1,30,000. சர்க்கரை மிக அதிகமாகி வந்தவை 2,09,000. லோ சுகர் 57,000. எல்லாவற்றையும் கூட்டினால் 21 லட்சத்துக்குள் முடிந்துவிடுகிறது. மீதி சுமார் 57 லட்சம் பேர் எதற்காகப் படுத்தார்கள்?

பதிலுக்கு இங்கிலாந்துக்குப் போகவேண்டும். அங்கே குடும்ப மருத்துவரின் பதிவேட்டையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் ஒருவருக்கு ஒருவர் இணைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. 2022ல் ஜொனாதன் பியர்சன்-ஸ்டட்டார்டும், அமெரிக்க ஆய்வை நடத்திய அதே எட்வர்ட் கிரெக்கும், வேறு சிலரும் சேர்ந்து 2003 முதல் 2018 வரை சர்க்கரை நோய் உள்ள மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்மிஷன்களைப் பிரித்துப் பார்த்தார்கள். இதயக் குழாய் அடைப்புக்காகவும் சர்க்கரை நோய்க்காகவே நேரடியாகவும் அட்மிட் ஆவது குறைந்திருந்தது. மொத்த அட்மிஷன் மட்டும் குறையவில்லை, கூடியிருந்தது. காலியான இடத்தை நுரையீரல் நோய்கள், தொற்றுகள், புற்றுநோய் என்று வேறு வேறு நோய்கள் நிரப்பியிருந்தன. மரணங்களைப் பற்றி இதே குழுவினர் செய்த ஆய்விலும், இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இதய, ரத்தக்குழாய் நோய்களின் முதலிடத்தைப் புற்றுநோய் பிடித்துவிட்டது தெரிந்தது.

மாரடைப்பில் பிழைத்தவர்கள் வயதாகி வேறு நோய்களுக்கு வருகிறார்கள் என்பது இதில் ஒரு பாதி; அதை வெற்றி என்றே சொல்லலாம். மற்ற பாதி அப்படி இல்லை. சர்க்கரை கூடியிருந்தால் கிருமியோடு போராடுகிற வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் கிருமி தங்குகிறது, ரத்த ஓட்டம் குறைந்த இடத்துக்கு ஆன்டிபயாட்டிக் போய்ச் சேர்வதில்லை. உலகில் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்ட லியோனார்ட் தாம்சன் இதற்கு ஆரம்பகாலச் சாட்சி. 1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுப் பையன். இன்சுலின் அவனுக்கு மேலும் 13 ஆண்டுகள் கொடுத்தது. 1935ல் அவர் இறந்தது நிமோனியாவால்.

கொரோனா இதை ஊரறியச் செய்துவிட்டது. 2020 மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 2021 இரண்டாம் அலையில் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை பரவியபோது மாட்டிக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு அவர்களுடைய சர்க்கரையை இன்னும் ஏற்றியிருந்தது. அந்த வாரங்களில் இப்படி அட்மிட் ஆனவர்களின் கேஸ் ஷீட்டில் முதல் வரியில் சர்க்கரை நோய் என்று இருந்திருக்காது.

இதனால் வார்டுகளின் முகமே மாறிவிட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைப் படுக்கைகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்றில் சர்க்கரை நோயாளி படுத்திருக்கிறார் என்று அங்கே தேசிய அளவில் நடந்த தணிக்கை சொல்லிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் வந்தது வேறு காரணத்துக்காக. படுத்திருப்பது எலும்பு முறிவு வார்டில், அறுவை சிகிச்சை வார்டில், புற்றுநோய் வார்டில். அங்கே இருக்கிற நர்ஸ் இன்சுலினில் தேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆபரேஷனுக்காகப் பட்டினி போட்டிருப்பார்கள், காலை இன்சுலினைப் போடுவதா நிறுத்துவதா என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கீமோதெரபியோடு கொடுக்கிற ஸ்டீராய்டால் மாலையில் சர்க்கரை 400ஐத் தொடும், விடியற்காலையில் பார்த்தால் இறங்கியிருக்கும். சர்க்கரை நோய்க்கான சிகிச்சை இனி சர்க்கரை நோய் வார்டில் மட்டும் நடந்தால் போதாது என்பதை இங்கிலாந்தின் எண்கள் காட்டுகின்றன.

படுக்கை நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்கள் கூடியும் ஒவ்வொருவரும் தங்குகிற நாட்கள் குறைந்திருக்கின்றன. அதில் மருத்துவத்துக்கு உள்ள பங்கு பாதிதான். அமெரிக்காவில் 1983ல் மெடிகேர், ஆன செலவைக் கொடுப்பதை விட்டுவிட்டு நோய்க்கு இவ்வளவு என்று நிர்ணயித்துக் கொடுக்க ஆரம்பித்தது. சீக்கிரம் அனுப்பினால் மருத்துவமனைக்கு லாபம். இன்சுலின் ஆரம்பிப்பதற்கென்றே ஒரு வாரம் படுக்கவைத்த வழக்கமும் மறைந்தது. இன்று வெளிநோயாளிப் பிரிவில் பேனா ஊசியைக் கையில் கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள். ஆகவே குறைந்த நாட்கள் என்றாலே நலம் கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கையான ஒன்றையும் சொல்லவேண்டும். இதயம் பலவீனமாகி மூச்சு முட்டி அட்மிட் ஆவதைச் சர்க்கரை மாத்திரை எதுவும் அதிகம் குறைத்ததாக 2015 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் ஆய்வு அதை 35 சதவீதம் குறைத்துக் காட்டியது. இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்பது பிறகு உறுதியானது. அதிகம் உயராத சர்க்கரையிலும் கீட்டோ அசிடோசிஸ் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதே 2015ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமிருந்து வந்தது. வாந்தி எடுக்கிற நாளில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்கவேண்டும் என்பதை மருத்துவர் சொல்லாவிட்டால் நோயாளி கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் என்று 2023ல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர். 1990ல் அமெரிக்கா பார்த்த 65 லட்சத்தோடு இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். விகிதத்தைப் பாதியாக்கியும் அவர்களால் கால் இழப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடிப் போகிறது. அதோடு அந்த நைலான் இழையும் ஒவ்வொரு வீட்டுக்கும் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாத்திரை போடுகிறவரின் பாதத்தை யாரும் பார்க்காமல் இருந்தால் மறுபடியும் விரல் வரைக்கும்தான் போய் நிற்கும்.

அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்த 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 699 பேரை டுடே என்ற ஆய்வில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். பிறகும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2021ல் முடிவு வெளியானது. நோய் வந்து சராசரியாக 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு நரம்பு பாதித்திருந்தது. அந்த இழை தொட்டால் தெரியாமல் போகும் பாதை அது. அப்போது அவர்களுடைய சராசரி வயது 26. பெற்றோரின் காப்பீட்டிலிருந்து அமெரிக்கச் சட்டம் பிள்ளைகளை வெளியே அனுப்பும் வயது.